கூடுதலாக ஒரு பல்லவி

அருள்புரம் ஆலயத்தில் ஆறு ஸ்பீக்கர் வைத்த பாட்டுப் பெட்டியை, வெறும் வாயாலேயே வெட்கப்பட வைத்து ஊமையாக்கியவன் நான்.

நம்பாதவர்கள் வரிசையில் வரலாம். முதல் இடம் சபைச் செயலாளர் அருள்குமாருக்கு. பெட்டியை வாங்கி வந்தவனே அவன்தான்.

அதற்கு முன் அங்கே ஆர்கன் வாசித்தது நான். பனியன் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றேன்; ஆர்கனிலிருந்து ஓய்வு பெற வைத்தார்கள். பெட்டி லீவு கேட்காது, இருமாது. ஒரு பாட்டு முடிந்தால் தானாகவே அடுத்ததற்குப் போய்விடும்.

ஆனால் அதற்கு வெள்ளையம்மாளைத் தெரியாது.

எல்லோரும் பாடி முடித்த பிறகு, வெள்ளையம்மாள் மட்டும் பல்லவியை இன்னொரு முறை எடுப்பார். கர்த்தருக்கு வயதாகிவிட்டது, ஒரு தடவையில் காதில் விழாது என்பது அவர் கட்சி. நானும் கட்டைகளிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்து கூடவே வாசிப்பேன்.

பெட்டி வந்த முதல் ஞாயிறு, பாட்டு முடிந்ததும் சட்டென்று நிசப்தம். வெள்ளையம்மாளின் குரல் மட்டும் ஆலயத்தின் நடுவே தனியாக மாட்டிக்கொண்டது. பின்வரிசையில் சிரிப்பு.

இனி வீட்டிலேயே ஜெபித்துக்கொள்கிறேன் என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். இன்னும் ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

அந்த வாரமும் பாட்டு முடிந்தது. வெள்ளையம்மாள் வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன்.

'பாம்ம்ம்' என்று தொண்டையிலேயே ஆர்கனை முழக்கினேன். கூரையிலிருந்த புறாக்கள் முதலிபாளையம் போய் இறங்கின, இன்னும் திரும்பவில்லை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பல்லவியை எடுத்தார்.

பெட்டி விடுமா? அடுத்த பாட்டைத் தொடங்கியது. ஆறு ஸ்பீக்கரும் அலறின.

பாவம், யாரோடு மோதுகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. வாரமெல்லாம் பனியன் கம்பெனி மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசி, திட்டி, காதலித்துப் பழகிய தொண்டைகள். முழுச் சபையும் எழுந்து அந்தப் பல்லவியைப் பிடித்தது. பல்லடம் ரோட்டில் லாரிகள், பின்னால் ஏதோ பெரிய வண்டி ஹாரன் அடிக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டன.

பெட்டி கப்பென்று வாயை மூடிக்கொண்டது. கரண்ட் போகவில்லை; மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று இதையெல்லாம் போவோர் வருவோரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பெட்டிக்கு ஏதுங்க அண்ணாச்சி வெக்கம்? ஒயரு லூசாயிருக்குமுங்க," என்றான் அருள்குமார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளையம்மாள் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏலே, நான் கத்துனதுல ஒம் பெட்டி கெட்டுப்போச்சா? அப்பம் நான் இனிமே வரலைலே."

அருள்குமார், சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த பெட்டியின் ரிமோட்டை உள்ளே அமுக்கினான். பெற்றவளின் முகத்தைப் பார்த்தான்.

"கெடலைம்மா. அண்ணாச்சி சொல்றது நெசந்தான். நீ பாடுன பாட்டுக்கு, அதுவா வாய மூடிக்கிச்சு."