போச்சு, அடுத்தது

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னாளா, மனதுக்குள் சொன்னாளா என்பது அவளுக்கு இன்றும் சரியாக நினைவில்லை.

நினைவில்லை என்று வைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருந்தது.

ஆனால் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

"என்ன போச்சு?"

மாரிச்செல்விக்கு அது தலைப்பிரசவம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். மேலே முழு விழிப்பு. குறுக்கே கட்டிய பச்சைத் துணிக்கு அப்பால் மாரிச்செல்வியின் முகம். இந்தப் பக்கம், கத்தி பிடித்து நின்ற அவளுக்கு முன்னால் வயிறு மட்டும்.

வயிறு மட்டும்தான் அவளுக்குப் பழக்கம்.

மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, மேற்படிப்பு மாணவர்கள் வெறுங்காற்றில் அறுத்துப் பழகுவார்கள். கண்ணாடிக்குள் ஒரு வயிறு படுத்திருக்கும். கழுத்துக்கு மேல் அந்தக் கருவி எதையும் வரைந்திருக்கவில்லை. கை தவறினால் பார்வையின் ஓரமெல்லாம் சிவக்கும். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சிவப்பு வடிந்து, கீறலே இல்லாத புது வயிறு வந்துவிடும்.

அழுத்தும்போது எல்லோரும் அதைச் சொல்வார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது.

போச்சு, அடுத்தது.

கண்ணாடியைக் கழற்றுகிறவர்களைக் கூடப் படிக்கும் ரிஸ்வானா வாசலிலேயே மறிப்பாள். "ஏட்டி, இன்னைக்கு எத்தனை பேரு? ஒரு ஊரையே காலி பண்ணிருவ போலுக்கே." சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போவார்கள்.

அந்த வகுப்பில் அவளைவிடக் குறைவாக யாரும் கொன்றதில்லை.

அதனால்தான் நிஜ மேசையில் முதல் கத்தியை அவளிடம் கொடுத்தார்கள்.

கருப்பையைத் திறந்து விரல்களால் அகட்டியபோது, வெட்டு ஓரமாக நழுவிக் கிழிந்தது. ரத்தம் திறந்துவிட்ட குழாய்போல வந்தது.

அவளுடைய கட்டைவிரல், கையில் இல்லாத பொத்தானை அழுத்தியது.

சிவப்பு வடியவில்லை.

வாய் மட்டும் தன் வேலையைச் செய்தது.

அருகே நின்ற பேராசிரியர் ஹெலன் மேடம் அவளைத் தோளால் ஒதுக்கினார். அவருடைய கைகள் உள்ளே போயின. குழந்தை வெளியே வந்தது. உரக்க அழுதது. கிழிந்த இடத்தைத் தைத்தார்கள். ரத்தம் நின்றது.

ஒன்றும் ஆகிவிடவில்லை.

நர்ஸ் குழந்தையைத் துடைத்து, மாரிச்செல்வியின் கன்னத்தருகே கொண்டுபோனாள்.

மாரிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எம் பிள்ளை போச்சுன்னு சொன்னாவளே. இது அடுத்ததுல்லா."

அதே அறையில் இன்னொரு மேசை இருந்தது. அதிலும் ஒருத்திக்கு அப்போதுதான் பிறந்திருந்தது.

வார்டில் குழந்தையின் கையில் கட்டிய பெயர்ப் பட்டையைக் காட்டினார்கள். கணவன் மூக்கைக் காட்டினான். எங்கம்மா மூக்குதானே என்றான். சிஸ்டர் அதட்டினாள். "பெத்த பிள்ளைய யாரு பிள்ளைன்னு கேக்க. ஒனக்கே நல்லாருக்கா?"

மாரிச்செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டினார்கள். மூன்றாம் நாள் பால் கட்டி, நைட்டி நனைந்தது. அப்போதும் திரும்பவில்லை.

"டாக்டரம்மாதான சொன்னாவ. அவியள வரச் சொல்லுங்க."

ஹெலன் மேடம் அவளைத் திட்டவேயில்லை. "வாய் ஒன்னோடதுதான. நீயே போய்ச் சொல்லு" என்றார்.

படியிறங்கும்போதே அவள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டாள். நூல் போச்சு, அடுத்த நூல் கொடுங்க என்றுதான் சொன்னேன். நல்ல வாக்கியம். எங்கும் ஓட்டை இல்லை.

கட்டிலருகே நின்றாள். மாரிச்செல்வி திரும்பிப் பார்த்தாள்.

அந்த முகத்தை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. நெற்றியில் சின்னதாக ஒரு பழைய தழும்பு.

"நூலு..." என்றாள்.



குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"நாங்க மெஷின்ல அறுத்துப் பழகுவோம்" என்றாள். "அதுல ஆளு கிடையாது. தப்பாயிட்டா 'போச்சு, அடுத்தது'ன்னு சொல்லுவோம். வேற ஒண்ணு வரும். அன்னைக்கு ரத்தத்தப் பாத்ததும்..."

பக்கத்துக் கட்டிலருகே சாப்பாட்டுக் காரியரைத் திறந்துகொண்டிருந்த ஒருவர் அப்படியே நிறுத்தினார்.

"உங்கள அந்த மெஷின்னு நெனச்சிட்டேன்."

மாரிச்செல்வி தலையைத் தூக்கினாள்.

"என்னையா?"

"ஆமா."

"பிள்ளைய இல்ல?"

"இல்ல. உங்களத்தான்."

"அப்ப போச்சுன்னது நானா?"

அவள் ஆமென்று தலையை அசைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் அசைத்தாள்.

மாரிச்செல்வியிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"அவ்வளவுதானா" என்றாள்.

இரண்டு கைகளையும் நீட்டினாள். சிஸ்டர் குழந்தையைக் கொடுத்தாள். குழந்தை முட்டி முட்டித் தேடி, பற்றிக்கொண்டது. மாரிச்செல்வி வலியில் பல்லைக் கடித்தாள். பிறகு அழுதாள். பிறகு குழந்தையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் அங்கே நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஹெலன் மேடம் ஓய்வுபெற்று மகனோடு இருக்கிறார். ரிஸ்வானா மதுரையில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறாள். அந்தச் சொல்லைச் சொன்னவள் அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மாரிச்செல்வி இரண்டாவது பிரசவத்துக்கும் அங்கேதான் வந்தாள். முதுகில் ஊசி வேண்டாம், முழுசாக மயக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். காரணம் கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். கேட்டபடியே கொடுத்தார்கள்.

இந்த முறையும் கத்தி பிடித்த டாக்டர் அவள்தான்.