சுண்டல் நீட்டிய கால்

கேட்காமலே சுண்டல் முன்னங்காலை நீட்டியது.

அந்த அம்மா உருகிப்போனார். போத்தனூரில் மாவுக்கடை வைத்திருப்பவர். குட்டி நாய் ஒன்று வேண்டும் என்றுதான் காப்பகத்துக்கு வந்தார். இப்போது வளர்ந்த நாயின் முன்னால், சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கூண்டில் குட்டிகள் கத்தித் தீர்த்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கை குடுக்குதுங் கண்ணு. நீங்க பழக்குனதா?"

பச்சை அங்கி போட்டு நின்றவளிடம்தான் கேட்டார்.

அவள் தலையாட்டினாள். பழக்கியது உண்மைதான்.

எதற்குப் பழக்கினார்கள் என்பதைச் சொல்லவில்லை.

கால்நடை உதவியாளர் படிப்பில் சேர்ந்தவர்களைக் கல்லூரி வாராவாரம் இங்கே அனுப்பும். புண் கழுவவும் கூண்டு அலசவும் காப்பகத்துக்கு ஆள் கிடைத்தது. ஊசி பழகக் கல்லூரிக்கு நாய் கிடைத்தது. இரண்டு பக்கமும் சந்தோஷம். நாய்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

கடிக்க வருகிற நாயிடம் யார் பழகுவார்கள்? அசையாமல் நிற்கிற நாயாகப் பார்த்துப் போனார்கள். அப்படி வகுப்பு மொத்தமும் சுண்டலின் தலையில் விடிந்தது.

சமத்து நாய் என்று பெயர் வேறு.

இப்போதெல்லாம் பிடிக்கவே வேண்டாம். பச்சை அங்கியைக் கண்டால் தானே வந்து உட்காரும். காலை நீட்டும்.

ஊசிக்காகக் காலில் முடி மழித்த இடத்தை அந்த அம்மா விரலால் தடவினார். பாவம், எங்கோ அடிபட்டிருக்கிறது என்றார்.

அவள் கூண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. நாயின் காலிலிருந்து ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். போன முறை அவளுக்கு வாய்த்த நாய் உறுமியது. கை உதறி ஊசி கீழே விழுந்தது. தேர்வாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். இந்த முறை நாயை அவளே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் இந்த முறையும் தவறினால் திருப்பூருக்குத் திரும்ப வேண்டியதுதான், பழைய பனியன் கம்பெனிக்கு.

சுண்டல் இருந்தால் தேறிவிடுவாள். அதன் காலில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெபமணிக்கும் இது தெரியும். அவளை ஓரமாகக் கூப்பிட்டார். பேப்பர் வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றார். பொய்கூட இல்லை, பேப்பர் வேலை எப்போதும் இருக்கிறதே என்றார்.

பிறகு வருகிறேன் என்று போனவர்கள் திரும்பி வந்ததை இருவருமே அதிகம் பார்த்ததில்லை. அதை ஜெபமணி சொல்லவில்லை.

"நீ சொல்லு. நீ சொல்றதுதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அந்த அம்மா இன்னும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அரிசி மாவு காய்ந்த கை. ஏதோ பேசிக்கொண்டே தடவினார். சுண்டல் அவரைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. காது பின்னால் படிந்திருந்தது.

வலிக்கும் என்று காத்திருந்தது.

வலிக்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. மெல்ல அந்தக் காலை இழுத்துக்கொண்டது.

அடுத்த காலை நீட்டியது.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். இந்தக் கையும் குடுக்குது பாருங்க என்றார்.

அவளுக்குப் புரிந்தது. ஒரு காலில் நரம்பு கிடைக்காவிட்டால் அடுத்த காலுக்குப் போவார்கள். அவள் தொடக்கத்தில் எத்தனையோ முறை போயிருக்கிறாள். அவள் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்க இது கற்றுக்கொண்டிருக்கிறது. குத்தத் தெரியாதவளிடம் இவ்வளவு பொறுமை எதற்கு என்று அழுகை வந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அது கை குடுக்கலீங்க. ஊசி போடறதுக்குக் காட்டுது. நாங்க எல்லாரும் இதுமேலதான் பழகுனோம்."

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். மழித்த இடத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அவர் இரண்டு கால்களையும் எடுத்து மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடினார்.

ஜெபமணி வாசலில் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்துபோய்க் கழுத்துப்பட்டையும் வாரும் எடுத்து வந்தாள். தானே மாட்டிவிட்டாள். வாரை அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். பேப்பர் வேலை ஒன்றுமில்லை, ஒரு கையெழுத்துதான் என்றாள்.

அந்த அம்மா எழுந்து நின்று, வா சாமி என்று கூப்பிட்டார்.

சுண்டல் எழவில்லை.

வாரை லேசாக இழுத்தார். அது அசையவில்லை. சிமெண்டுத் தரையில் பதிந்து உட்கார்ந்திருந்தது. நான் வேண்டாமா உனக்கு என்று அவர் கேட்டபோது குரல் இறங்கிவிட்டது.

வேண்டாம் என்றில்லை. ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து அழுத்தி, யாராவது அந்த ஒரு சொல்லைச் சொன்னால்தான் அது எழுந்திருக்கும். அப்படித்தான் பழக்கம்.

சொல்லாமலும் இருக்கலாம். இது வர மாட்டேனென்கிறது, ஒரு குட்டியைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். வியாழன் வரைக்கும்தானே.

அவள் குனிந்தாள். இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினாள். நிறைய நேரம் அழுத்தினாள்.

"முடிஞ்சுதுடா."

சுண்டல் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.