தப்பே இல்லாத கார்டுகள்

பதினோரு கார்டு. பதினொன்றிலும் ஒரு தப்புகூட இல்லை. மேனேஜருக்குச் சந்தேகம் வந்ததே அங்கேதான்.

ஓட்டலில் தங்குகிறவர்கள் ரூமைக் காலி செய்யும் அவசரத்தில் கிறுக்கும் பாராட்டுக் கார்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? "ரூம் நைஸ், டீ நைஸ்." அவ்வளவுதான். இதிலோ 'ஷுட்' வர வேண்டிய இடத்தில் ஷுட், 'வுட்' வர வேண்டிய இடத்தில் வுட். 'மஸ்ட்' என்று அதட்ட வேண்டிய இடத்தில்கூட அளவாக அதட்டியிருந்தது. இலக்கணப் புத்தகத்தைப் பிழிந்து எடுத்த மாதிரி இருந்தது.

ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷ ஆரம்பத்துல ஸ்டாஃபுக்கு இங்கிலீஷ் கிளாஸ் நடத்தினோமே, அதுல நல்லாப் படிச்சது யாரும்மா?"

"வேற யாரு சார், மே-ஐ அக்காதான்!"

ரூம் சுத்தம் செய்யும் அம்மாவுக்கு ஓட்டல் முழுக்க அதுதான் பெயர். ஆளில்லாத ரூமின் கதவைத் தட்டிக்கூட "மே ஐ கம் இன்?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பத்தோடு உள்ளே போவாள்.

"ரூம்லேருந்து கார்டையெல்லாம் எடுத்துட்டு வந்து பெட்டியில போடறதும் அவங்கதானே?"

"ஆமா சார். ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையைப் பாரு."

ஒன்றுமில்லையாவது! முதலாளி போட்ட சட்டம் அப்படி. பாராட்டுக் கார்டு ஒன்றுகூட வராத ஆளுக்கு வருஷக் கடைசியோடு வேலை கிடையாது. மாடிப்படி துடைப்பவரானாலும் சரி, மேனேஜரானாலும் சரி. இந்த வருஷத்திலிருந்து கீழ்த்தளத்து ஆட்களுக்கும் அதே சட்டம். அப்படியிருக்க, இந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே தனக்குத்தானே சர்டிஃபிகேட் எழுதிக்கொள்கிறாளா?

கதவைச் சாத்திவிட்டு, கார்டுகளை மேசைமேல் பரப்பிப் பெயர்களைப் படித்தார். லாண்டரிக்காரர். பாய்லர் பார்க்கிறவர். பாத்திரம் கழுவும் இரண்டு பேர். தண்ணீர் மோட்டார்க்காரர். இப்படியே பதினோரு பேர், எல்லோரும் கீழ்த்தளத்து ஆட்கள்.

மே-ஐ அக்கா பெயரில் ஒன்றுகூட இல்லை.

சந்தேகம் தீரவில்லை, இரட்டிப்பானது. ஆதாயம் இல்லாமல் யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? அந்த ஆட்களிடம் ஏதோ கறக்கிறாள். நிச்சயம் கறக்கிறாள். முதலாளிக்கு ரிப்போர்ட் எழுதி முடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, ஆளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மே ஐ கம் இன், சார்?"

"வா, வா. இதெல்லாம் யாரு எழுதினது?"

கார்டுகளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் சார்."

பொய் சொல்வாள், மடக்கலாம் என்று ஐந்து கேள்வி தயாராக வைத்திருந்தார். ஐந்தும் வீணாய்ப் போயின.

"பதினோரு பேர்கிட்டயும் என்ன வாங்கின?"

"வாங்கறதா? நான் எழுதினது அவங்களுக்கே தெரியாது சார்."

"கதை விடாத. அப்புறம் எதுக்கு எழுதின?"

"நான் கெஸ்ட்டுங்க கண்ணுல படறேன், எனக்கு அவங்களே எழுதறாங்க. கீழ இருக்கறவங்களை யாரு சார் பாத்தா? பெட்ஷீட் பளிச்சுனு இருக்குன்னு சொல்றாங்க. வெந்நீர் நல்லா வருதுன்னு சொல்றாங்க. எல்லாம் வாயோட சரி. பொட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிடறாங்க. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன் சார். ஒரு வார்த்தை கூடச் சேக்கல."

"அதுக்காக கெஸ்ட் மாதிரி கையெழுத்துப் போடுவியா? இதுக்குப் பேரு மோசடி!"

"தப்புதான் சார். என்னை அனுப்பிடுங்க. கார்டைக் கிழிச்சுடாதீங்க. அந்தப் பதினோரு பேருக்கும் வேற கார்டு இல்ல."

மேனேஜருக்கு மனசு ஒரு கணம் இளகத்தான் செய்தது. உடனே இறுக்கிக்கொண்டார். நேர்மை என்று வந்துவிட்டால் அவர் கறார்ப் பேர்வழி. குறைந்தபட்சம் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். பேனாவைத் திறந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"போன வருஷத்துலேருந்து சார்."

"போன வருஷமேவா! அப்ப எத்தனை பேருக்கு எழுதின?"

"ஒருத்தருக்கு மட்டும்தான் சார்."

"யாரு?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"யாருன்னு கேக்கறேன்ல? அந்த ஆளு பேரும் ரிப்போர்ட்ல வரணும்!"

"உங்களுக்குத்தான் சார்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாள் பூரா இந்த ரூமுக்குள்ளயே இருக்கீங்க. உங்களைப் பத்தி கெஸ்ட் யாரும் எதுவும் சொல்லல. அது ஒண்ணுதான் நானா எழுதினது."

பேனா கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. போன வருஷக் கடைசியில் முதலாளியின் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருந்தது ஒரே ஒரு கார்டு. யாரோ வெளிநாட்டுக்காரர் அவசரத்தில் எழுதியது என்று நம்பி, தப்பும் தவறுமான அந்த நாலு வரியை மனைவிக்கு மூன்று தடவை படித்துக் காட்டியிருந்தார்.

"அதுல நிறையத் தப்பு இருந்திருக்கும், மன்னிச்சிடுங்க சார்," என்றாள் அவள். "அதுக்கப்புறம்தான் நான் கிளாஸ்லயே சேந்தேன்."