ஐவரியா, கிரீமா?

“இடது பக்கம் லேசா மஞ்சள் ஓடுது, கவனிச்சியா தம்பி?” என்றார் பெரியவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

பெயிண்டருக்கு மூக்குக்கு மேல் எரிச்சல். கூடத்துச் சுவரில் ஐவரி ஒரு சதுரம், கிரீம் ஒரு சதுரம் அடித்து இன்றோடு நான்கு நாள். பத்தடி தள்ளி நின்றால் எது எதுவென்று அவனுக்கே குழப்பம் வந்துவிடும்.

“ரெண்டுல எதுன்னு வீட்டுக்காரரைக் கேட்டு அடிச்சிடு” என்று மேஸ்திரி இரண்டு டப்பாக்களையும் கொடுத்து அனுப்பியிருந்தார். வந்த அன்று அவனுக்கு ஏக சந்தோஷம். மற்ற வீடுகளில் பீரோவையும் கட்டிலையும் நகர்த்தியே இடுப்பு ஒடிந்துவிடும்; இங்கே ஒரு நாற்காலிகூட மிச்சமில்லாமல் கூடத்தை ஒழித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் நீங்கதானேய்யா என்று கேட்டதற்குப் பெரியவர் முதுகை நிமிர்த்தி, “முப்பத்தொரு வருஷமா” என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அன்றைக்கு, காய்ந்தால்தான் நிறம் பிடிபடும் என்றார். மறுநாள் காலை வெயிலில் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அடுத்த நாள், சாயங்கால வெளிச்சத்தில் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றார்.

இன்றும் தூரிகை நனையாவிட்டால் இனிமேல் வேலைக்கே வர வேண்டாம் என்று மேஸ்திரி காலையில் போனில் சொல்லிவிட்டார். பெயிண்டர் அதை மறைக்காமல் பெரியவரிடம் சொன்னான்.

அவர் முகம் ஒரு கணம் வாடியது. ஆனால் குரல் இறங்கவில்லை. “உன் பிழைப்பைக் கெடுக்க மாட்டேன். வாசல்ல நின்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்து சொல்றேன்.”

வெளியே போனவர், படியில் நின்று வீட்டை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போனவர் போனவர்தான்.

பெயிண்டர் சமையலறைப் பக்கம் திரும்பினான். பெரியவரின் மனைவி கதவோரம் நின்றிருந்தார்.

“ஐயா உங்களைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் நாலு நாள் யோசிச்சாராம்மா?”

அவர் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. வெளியாளிடம் வீட்டு விஷயம் பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“வீட்டை வித்தாச்சு தம்பி. பெயிண்ட் அடிச்சுக் கொடுக்கணும்னு வாங்கினவங்களோட பேச்சு. நீங்க அடிச்சு முடிக்கிற அன்னைக்கு நாங்க காலி பண்ணணும்.”