ஒற்றனின் கன்னத்துக் கீறல்

தன் சவரக்கடையில் அரசனைத் திட்டினான் என்று மட்டும் பிடித்திருந்தால் துளசிங்கம் கவலைப்பட்டிருக்க மாட்டான். அது நிந்தனை, சிறையோடு போய்விடும். அவன் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது! ஆனால் அந்த வசவைக் கேட்டுச் சிரித்தபடி அவனிடம் முகம் மழித்துக்கொண்டவன் எதிரி நாட்டு ஒற்றனாம். எதிரிக்குப் பணிவிடை செய்வது துரோகம். அதற்குத் தூக்கு.

விசாரணையில் துளசிங்கத்தின் மனைவி பவுனம்மாள் முண்டியடித்து முன்னால் வந்தாள். "ஐயா, அந்த ஒற்றன் கன்னத்துல கீறல் இருக்கு பாருங்க. எங்க வீட்டுக்காரரு பணிவிடையா செஞ்சாரு? வேணும்னேதான் கத்திய இழுத்துவிட்டாரு!"

"அட போம்மா, அவன் கையே அப்படித்தான். என் காதப் பாருங்கய்யா," என்றார் பக்கத்து வீட்டு மாசிலாமணி. கூட்டம் சிரித்தது. துளசிங்கத்துக்குத் தூக்கைவிட இதுதான் உறைத்தது.

நீதிபதி யோசித்தார். தவறாத கை என்றால் அது வேண்டுமென்றே போட்ட கீறல், ஆளை விட்டுவிடலாம். தவறும் கை என்றால் பணிவிடைதான். நாற்காலியில் சாய்ந்து தாடையை நிமிர்த்தினார்.

"எங்கே, எனக்குச் செய்."

நுரை பூசினான். கன்னம் இரண்டும் சுத்தமாக முடிந்தன. பவுனம்மாள் மூச்சு விட்டாள். கத்தி தொண்டைக்கு இறங்கியபோது, நீதிபதி எச்சில் விழுங்கினார்.