எந்தக் கிழமை, மேடம்?

மழைக்காலம் முடியும் தறுவாய். வியாழக்கிழமை, மாலை ஆறரை மணி. மருந்துக் கடைக்கு மேலே, மாடி அறையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

அன்றைய பாடம், பிறரை வீட்டுக்கு அழைப்பது.

"'யூ மஸ்ட் கம் ஹோம் ஃபார் டீ சம் டைம்.' ஒரு நாள் எங்க வீட்டுக்கு டீ குடிக்க வரணும்னு அர்த்தம்," என்றாள் ஆசிரியை. "இது மரியாதைக்குச் சொல்றது. உடனே கிளம்பி வந்துடக் கூடாது. 'ஐ வுட் லவ் டு'ன்னு சிரிச்சுட்டு நகர்ந்துடணும். புரியுதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதல் வரிசையில் இருந்த பெண்ணை வகுப்பில் லேப்காரி என்பார்கள். பரிசோதனை நிலையம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. இந்த வகுப்பின் சான்றிதழைக் காட்டினால், நிலையத்தின் வரவேற்பு மேசையில் உட்காரலாம். வெயிலிலும் மழையிலும் படியேறி இறங்க வேண்டாம்.

ஆசிரியை அவளை எழுப்பி, அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஐ வுட் லவ் டு," என்றாள் லேப்காரி. அதோடு நிற்கவில்லை. "விச் டே, மேடம்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"எந்த நாள்னு கேட்கக் கூடாதும்மா. கூப்பிட்டவங்களுக்குச் சங்கடமாயிடும். மறுபடி சொல்லு."

"ஐ வுட் லவ் டு. சண்டே, ஃபோர் ஓ கிளாக்?"

பின் வரிசைக் கார் ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், டீயோட நிறுத்திக்குங்க. சாப்பாடுன்னு வாய் தவறிச் சொல்லிடாதீங்க. தங்கச்சி பெட்டி படுக்கையோட வந்து நிக்கும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத்தனை வீட்டுக்குப் போறியே, ஒரு வீட்டிலயும் டீ குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க அண்ணா. டூட்டியில பச்சைத் தண்ணிகூட வாங்கக் கூடாது. தெரிஞ்சா சீட்டு கிழிஞ்சிடும்."

அத்தனை பேர் முன்னால் வராதே என்று சொல்ல ஆசிரியைக்கு நா எழவில்லை. "சரி, வா," என்றாள். வரமாட்டாள் என்று நம்பினாள்.

ஞாயிறு, நாலு மணி. அழைப்பு மணி அடித்தது.

"நிஜமாவே வந்துட்டியா?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க, மேடம்." கையில் பிஸ்கட் பொட்டலம்.

வெளியே கிளம்பிக்கொண்டிருந்த ஆசிரியை கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் தேவைக்கு மேலேயே ஓசை எழுப்பின.

பேச்சுக் குரல் கேட்டு, உள்ளறையிலிருந்து அவளுடைய தந்தை வந்தார். வந்திருப்பவளைப் பார்த்தார். எதிரே அமர்ந்து, இடக்கைச் சட்டைப் பித்தானைக் கழற்றினார்.

லேப்காரி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே பித்தானை மறுபடி போட்டுக்கொண்டார்.

"கிளாஸ்ல என் பொண்ணு அடிப்பாளா?"

"அடிக்க மாட்டாங்க சார். பார்ப்பாங்க. அதுவே போதும்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுப்படியில் ஆசிரியை ஒரு கணம் கரண்டியை நிறுத்தினாள்; அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து லேப்காரி எழுந்தாள். "கம் அகெய்ன்," என்றார் பெரியவர்.

"விச் டே, சார்?"

"நெக்ஸ்ட் சண்டே."

கதவு சாத்தியதும் ஆசிரியை பொரிந்து தள்ளினாள். "உங்களுக்கு வேற வேலையில்லையா அப்பா? மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னா, அப்படியே பிடிச்சுக்கிற ஜென்மம் அது."

அடுத்த ஞாயிறும் லேப்காரி வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும். பெரியவரே கடைக்கு நடந்து போய்ப் பால் வாங்கி வைத்தார். ஆசிரியைக்கு அந்த நேரத்தில் வெளியே வேலை இருந்தது.

மாத முடிவில் எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது, ஒருத்தியைத் தவிர.

"உனக்கு இங்கிலீஷ் வருது. இங்கிதம்தான் வரலை," என்றாள் ஆசிரியை. "வரவேற்பு மேசைக்கு அதுதான் முக்கியம். இன்னொரு தடவை பணம் கட்டி உட்காரு."

லேப்காரி வாதாடவில்லை. "சரி, மேடம்."

ஒன்றாம் தேதி மாலை, கட்டணம் கட்டும் வரிசையில் அவள் நின்றபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு பெரியவர் மாடி ஏறி வந்தார். மேசைமேல் பணத்தை வைத்தார்.

"இது இந்தப் பொண்ணுக்கு."

"நீங்க ஏன் அப்பா கட்டணும்?"

"லேபுக்கு வாரா வாரம் கொடுத்துட்டிருந்த பணம்மா. இப்ப மிச்சமாகுது."

"சார், சொல்லாதீங்க," என்றாள் லேப்காரி, மெதுவாக.

"லேபுக்கா? டாக்டர் டெஸ்ட் எதுவும் எழுதலையே!"

"எழுதலைதான்," என்றார் பெரியவர். "நீ காலையில வேலைக்குக் கிளம்பினப்புறம் நானேதான் போன் பண்ணுவேன். ஊசி குத்தவாவது ஒரு ஆள் வீட்டுக்கு வரட்டுமேன்னு. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போம்மான்னு ஒவ்வொரு தடவையும் கேட்பேன். டூட்டியில முடியாதுன்னுடும். கடைசியில நீ என் பொண்ணுன்னு தெரிஞ்சு, உன் வாயால கூப்பிட வெச்சுக்கிட்டு வந்துது."

அடுத்த நிலை வகுப்புக்குப் பணம் கட்ட வந்திருந்த ஓட்டுநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆசிரியை பணத்தைத் தந்தையிடமே திருப்பிக் கொடுத்தாள். சான்றிதழில் அப்போதே கையெழுத்திட்டாள்.

அந்த ஞாயிறு, மூன்றரை மணிக்கு, பாலுக்குக் காசு கொடுத்தவள் ஆசிரியை. மூன்று பேருக்கான பால்.