நாம எந்தக் கணக்கு?

அவரைப் பழைய சேலையில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ரோஸ்மேரி மூச்சு வாங்க நின்றாள். "செத்த நேரந்தான், பொறுத்துக்கங்க" என்று டிரம்மைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "அக்கா, மக்கள்தொகை கணக்கெடுப்பு."

வந்தவள் பெயர் தமிழ்மதி, திண்டுக்கல்லில் டீச்சராம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் செல்போன். ரோஸ்மேரி அவசரமாய் நீட்டிய சொம்பிலிருந்து பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

புருஷன் மிக்கேல்ராஜ் மில்லுக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "இந்தக் கணக்க வச்சுத்தான் தொகுதியும் வார்டும் பிரிப்பாக. கிறிஸ்தவ வேதக்காரங்கன்னு பதிஞ்சுட்டா நம்ம எஸ்.சி. கணக்குல வர மாட்டோம். தனி வார்டு போயிரும். அப்புறம் கொழாய்த் தண்ணிய மறந்துர வேண்டியதுதான்."

அதில் பொய்யில்லை. தனி வார்டாகி, இந்தத் தெருக்காரி ஒருத்தி மெம்பராக வந்த பிறகுதான் குழாயே வந்தது. அதற்கு முன்னால் இருபது வருஷம் மனுவும் கையுமாய் அலைந்ததுதான் மிச்சம்.

"பேரு சொல்லுங்கக்கா."

"கண்ணம்மாள்." சாதி சர்டிபிகேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

"வீட்டுக்காரரு?"

"முனியாண்டி."

"ஏ ரோஸ்மேரி, கொழாய்ல தண்ணி வந்துருச்சு, வாடி" என்று தெருவிலிருந்து ஐரின் கத்தினாள். பாழாய்ப் போனவளுக்கு இப்போதுதானா வாய் திறக்க வேண்டும்.

"ரோஸ்மேரி யாருக்கா?"

"அது... எதுத்த வீட்டுல."

"எதுத்த வீடு பூட்டிக் கெடந்துச்சே."

மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. சிலுவை போட நெற்றிக்குப் போகத் துடித்த வலது கையை முந்தானைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். தமிழ்மதியின் விரலும் போன்மேல் அப்படியே நின்றது. மணி ஓய்ந்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. கையைக் கவனித்துவிட்டாள், அதுதான் நிறுத்தினாள் என்று ரோஸ்மேரி நினைத்துக்கொண்டாள்.

"என்ன மதம்க்கா?"

"இந்து."

தமிழ்மதி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ரோஸ்மேரியும் பார்த்தாள். காலையில் இரவல் வாங்கி மாட்டிய முருகன் காலண்டரைச் சுற்றி, வெளிறிப்போன சுவரில் பெரிய சதுரமாய்ப் பச்சை பெயிண்ட் மட்டும் புதுசாய் இருந்தது. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் இருதய ஆண்டவர் படம் பதினைந்து வருஷமாய்த் தொங்கிய இடம். காலண்டர் அதில் பாதியைக்கூட மறைக்கவில்லை.

அடிப்பாவி, இது ஏன் எனக்குத் தோணாமப் போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். என் ஒருத்தியால் தெருவுக்கே தண்ணி இல்லாமல் போகப்போகிறது.

"டீச்சர்..." என்று ரோஸ்மேரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

தமிழ்மதி போனில் எதையோ அழுத்திப் பைக்குள் போட்டாள். வாசல்வரை போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி உள்ளே வந்தாள். தொலைந்தோம் என்று ரோஸ்மேரி சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"சரிபாக்க இன்னொரு ஆபீசர் வருவாரு. காலண்டர் பத்தாதுக்கா, பெரிய படமா வாங்கி மாட்டுங்க" என்றாள் தமிழ்மதி, குரலைத் தாழ்த்தி.

ரோஸ்மேரி காலண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுச் செவத்துல இருந்த தடத்த நான் அப்பிடித்தான் மறைச்சேன்."